ஆப்பிள் மசியலும் அக்காவின் வேண்டுதலும்

சிதம்பரத்தில் பேக்கரி வைத்திருக்கிறேன். கேக் விற்கிற கடை என்று நினைத்துத்தான் ஆரம்பித்தேன். இப்போது அது விசாரணைக் கமிஷன் நடக்கிற இடமாகிவிட்டது. கண்ணாடிப் பெட்டிக்கு அந்தப் பக்கம் நிற்கிற யாரும் "கேக் குடுங்க" என்று கேட்பதில்லை. முட்டை இருக்கா, வெண்ணெய் இருக்கா, மைதாவா, வெள்ளைச் சர்க்கரையா என்று கேட்கிறார்கள். எல்லாவற்றுக்கும் "ஆமாம்" என்றால் நான் விஷம் விற்பது போல ஒரு பார்வை பார்த்துவிட்டு, எதிர்க்கடையில் நெய் சொட்டுகிற மைசூர்பாகு வாங்கிக்கொண்டு போகிறார்கள்.

ஒருநாள் ஒரு இளம் ஜோடி வந்தது. குழந்தைக்கு முதல் பிறந்தநாளாம். முட்டை கூடாது, பால் கூடாது, வெண்ணெய் கூடாது, சர்க்கரை கூடவே கூடாது. ஆனால் கேக் மெத்தென்று இருக்க வேண்டும், மேலே ஒரு யானைக்குட்டி உட்கார்ந்திருக்க வேண்டும். "அப்ப உள்ள இன்னாதாங்க போடுறது?" என்று கேட்டேன். அந்தப் பெண் கோபித்துக்கொள்ளாமல் செல்போனை நீட்டினாள். வெளிநாட்டு அம்மணி ஒருத்தி ஆப்பிளை வேகவைத்து மசித்து, முட்டைக்குப் பதிலாக மாவில் கொட்டிக்கொண்டிருந்தாள். அதற்கு ஆப்பிள் சாஸ் என்று பெயராம். சாஸ் என்றால் சமோசாவுக்குத் தொட்டுக்கொள்கிற சிவப்புச் சமாச்சாரம் என்றுதான் எங்கள் ஊரில் அர்த்தம். அதனால் நான் அதற்கு ஆப்பிள் மசியல் என்று பேர் வைத்துக்கொண்டேன். கீரையை மசிக்கிற வேலைதான், வேறொன்றும் இல்லை.

தோலைச் சீவி, விதையை எடுத்துவிட்டு, துண்டு போட்டு, கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு, ஒரு துண்டு பட்டை போட்டு மூடிவைத்தால், குறைந்த தீயில் தானே குழைந்துவிடும். பிறகு மத்தால் நாலு தேய்ப்பு. சர்க்கரை தேவையில்லை. ஆப்பிளுக்கே போதுமான இனிப்பு உண்டு. கேக் நன்றாகத்தான் வந்தது. குழந்தை யானையின் துதிக்கையை மட்டும் பிய்த்துத் தின்றுவிட்டுத் தூங்கிவிட்டதாகக் கேள்வி.

அதற்குப் பிறகு ஊருக்குள் என் மசியலுக்கு ஒரு மரியாதை வந்தது. கேக்கை விட்டுவிட்டு மசியலை மட்டும் டப்பாவில் கேட்டு ஆட்கள் வந்தார்கள். பல் முளைக்காத பிள்ளைக்கு என்றார்கள். சரி, ஆறு மாதம் தாண்டிய குழந்தைக்கு அது நல்ல ஆகாரம்தான். வயிறு கெட்டுப்போனவருக்கு என்றார்கள். அதுவும் சரி, கஞ்சியோடு சேர்த்தால் வயிற்றை உறுத்தாது. உடம்பு இளைக்க வேண்டும் என்ற ஒரு அம்மா, ரெண்டு இட்லிக்குப் பதிலாக ஒரு கிண்ணம் மசியல் சாப்பிட ஆரம்பித்து, கொஞ்ச நாளில் ரெண்டு இட்லியோடு ஒரு கிண்ணம் மசியல் சாப்பிடுகிற நிலைக்கு முன்னேறினார். சர்க்கரை வியாதிக்காரர் ஒருவர், "சக்கரை போடலைன்னா எவ்ளோ வேணா சாப்புடலாம் இல்ல?" என்று கேட்டார். மசித்த ஆப்பிள் கடித்துத் தின்கிற ஆப்பிளை விட வேகமாக ரத்தத்தில் ஏறும், அளவோடு சாப்பிடுங்கள் என்று சொன்னேன். அவருக்கு என் மேல் வருத்தம். வேறு கடையில் கேட்டுக்கொள்கிறேன் என்று போய்விட்டார்.

உள்ளதைச் சொன்னால், அந்த மசியலில் பெரிதாக ஒன்றும் கிடையாது. பெரும்பகுதி தண்ணீர். கொஞ்சம் சர்க்கரைச் சத்து, கொஞ்சம் நார்ச்சத்து. தோலைச் சீவும்போது நாரில் பாதி குப்பைக்குப் போய்விடுகிறது, வேகும்போது வைட்டமினில் கொஞ்சம் சூட்டில் அழிந்துவிடுகிறது. கொழுப்பு இல்லை, உப்பு இல்லை, புளிப்பு அதிகமில்லை. யாருக்கும் கெடுதல் செய்யாது என்பதுதான் அதனுடைய ஒரே சாமர்த்தியம். யாரையும் பகைத்துக்கொள்ளாத மனிதர்களுக்கு நம் ஊரில் கிடைக்கிற நல்ல பேர் அதற்கும் கிடைத்துவிட்டது.

இந்த நல்ல பேர் கடலூர் வரைக்கும் போனதற்குக் காரணம் என் மாமா. மாமா என்றால் அக்காவின் வீட்டுக்காரர். திருப்பாதிரிப்புலியூரில் ஹார்டுவேர் கடை வைத்திருந்தவர். சிமெண்ட் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு படியேறுவார். முதுநகர்த் துறைமுகத்தில் எந்தப் படகு எப்போது வரும் என்று மீன்காரர்களுக்கு முன்னால் அவருக்குத் தெரியும். வஞ்சிரம் இல்லாத ஞாயிற்றுக்கிழமையை அவர் ஞாயிற்றுக்கிழமை என்றே ஒப்புக்கொண்டதில்லை. அந்த மனிதருக்குச் சர்க்கரை வந்து, சர்க்கரையின் பின்னாலேயே கிட்னி போய், கடைசியில் வாரத்துக்கு மூன்று தடவை டயாலிசிஸ் என்றாகிவிட்டது.

கிட்னி கெட்டுப்போனவர் எதைச் சாப்பிடக் கூடாது என்று சொல்லிக்கொண்டு வந்தபோது எனக்கு ஒரு விஷயம் புரிந்தது. எங்கள் மாவட்டத்தில் விளைகிற எதையும் சாப்பிடக் கூடாது. பண்ருட்டிப் பலாச்சுளை ஆகாது, பொட்டாசியம். முந்திரி ஆகாது, அதிலும் ஏதோ ஒன்று. வாழைப்பழம், இளநீர் ரெண்டையும் வாயால் சொல்லவே கூடாது. கருவாட்டில் உப்பு. இந்தப் பக்கத்து மண்ணில் ஒருநாளும் காய்த்திராத ஆப்பிள் மட்டும், பொட்டாசியம் கம்மி என்ற ஒரே தகுதியில், நடுவீட்டில் வந்து உட்கார்ந்துகொண்டது.

ஆப்பிளுக்குப் பஞ்சமும் இல்லை. நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் ஆப்பிள் இல்லாமல் போவது நம் வழக்கத்தில் இல்லையே. அக்கா வீட்டு ஃபிரிட்ஜைத் திறந்தால் ஸ்டிக்கர் ஒட்டிய ஆப்பிள்கள் உருண்டு வந்து காலில் விழும். வருகிறவர்கள் எல்லாரும் ஒரு பையைக் கொடுத்து, ஒரு காபியைக் குடித்து, "இதே மாதிரிதான் எங்க சித்தப்பாவுக்கும் வந்துது, பாவம் போய்ட்டாரு" என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போவார்கள். கம்மாபுரத்திலிருந்து வந்த மாமாவின் ஒன்றுவிட்ட தம்பி ஒருத்தர் மட்டும் எல்லாரையும் விட ஒரு படி மேலே போய், சொந்தத் தோப்பு இளநீரை மூட்டையாகக் கொண்டுவந்து இறக்கினார். "கிட்னிக்கு எளநியவுட இன்னா மருந்து இருக்கு? கல்லையே கரைக்குதே!" என்று தன் கையாலேயே சீவி, அக்கா கோயிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து மாமாவைக் குடிக்கவைத்தார். பாசத்தில் குறையே இல்லை. அன்று சாயங்காலமே பொட்டாசியம் ஏறி, நெஞ்சு படபடத்து, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டர் திட்டிய திட்டு எல்லாம் எங்களுக்குத்தான். தம்பிக்காரர் அதற்குள் கம்மாபுரம் பஸ்ஸில் பாதி தூரம் போயிருந்தார்.

அந்த இளநீர் இரண்டு காரியம் செய்தது. ஒன்று, மாமாவுக்குச் சாப்பாடு என்றாலே பயம் வந்துவிட்டது. தட்டை வைத்தால் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். வாயெல்லாம் துரு பிடித்த மாதிரி கசக்கிறது என்பார். பல்லும் ஆட்டம் கண்டிருந்தது. இரண்டாவது, அக்கா ஒரு வேண்டுதல் செய்துகொண்டாள்.

மாமா ஆஸ்பத்திரியில் கிடந்த அன்று ராத்திரியே மஞ்சள் துணியில் ஒரு ரூபாயை முடிந்து சாமி படத்துக்கு முன்னால் வைத்து, மாமா தேறி எழுகிறவரைக்கும் இந்த வீட்டுக்குள் மீன், கறி, முட்டை எதுவும் ஏறாது என்று மாமாவின் குலசாமியிடம் சொல்லிவிட்டாள். மாமாவின் குலசாமி வருஷா வருஷம் கிடா வாங்கிக்கொள்கிற சாமி. அவரிடம் போய் இனிமேல் முட்டை தொடமாட்டோம் என்று சொன்னால் அவருக்கே குழப்பமாகத்தான் இருந்திருக்கும். நான் இதைச் சொன்னபோது அக்கா என்னைப் பார்த்த பார்வையில் பேச்சை மாற்றிவிட்டேன். நான் போனால் வாசலிலேயே கேட்பாள்: "முட்டை ஒடச்ச கையா? போய் சோப்புப் போட்டுக் கழுவிக்கினு வா." பேக்கரிக்காரனுக்கு வேறு எந்தக் கை இருக்கும்? கழுவிக்கொண்டுதான் போவேன்.

இந்த நிலைமையில்தான் ஒருநாள் மசியலை ஒரு டப்பாவில் எடுத்துப் போனேன். சிதம்பரத்திலிருந்து கடலூருக்கு பஸ்ஸில் வரும்போது டப்பா மடியில் சூடாக இருந்தது. அக்கா ஒரு கிண்ணத்தில் போட்டு, ஸ்பூனால் கொஞ்சம் எடுத்து, "இத மட்டும், ஒரே ஒரு வாய்" என்று நீட்டினாள். மாமா வாயில் வாங்கிக்கொண்டார். விழுங்கினார். இன்னொரு வாய் வாங்கினார். கிண்ணம் காலியானபோது அக்கா சிரித்தாள். எத்தனை மாதம் கழித்து என்று எனக்குத் தெரியாது. அடுப்பங்கரைக்குப் போய், முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து, மறுபடியும் சிரித்தாள். ஆப்பிளை வேகவைத்ததற்கு இவ்வளவு பெரிய பலனா என்று எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

அதற்குப் பிறகு நடந்தது நம் வீடுகளில் மட்டுமே நடக்கக்கூடியது. பத்தியம் என்ற சங்கதி நமக்குத் தெரிந்த அளவுக்கு உலகத்தில் யாருக்கும் தெரியாது. ஒரு பொருள் ஆகாது என்று யாராவது ஒரு டாக்டர் ஒரு தடவை சொல்லிவிட்டால் போதும், அந்தத் தடைக்கு முடிவுத் தேதியே கிடையாது. அதேபோல ஒரு பொருள் ஆகும் என்று தெரிந்துவிட்டால் அதை மட்டுமே ஊட்டி ஆளை ஒருவழியாக்கிவிடுவோம். டயாலிசிஸ் ஆரம்பிப்பதற்கு முன்னால் மாமாவைப் பார்த்த டாக்டர், "பருப்பு, முட்டை, கறியெல்லாம் கொறச்சுக்குங்க, கிட்னிக்கு வேலை ஜாஸ்தியாவும்" என்று சொல்லியிருந்தார். அப்போது அது சரியான பேச்சு. டயாலிசிஸ் வந்த பிறகு கதை மாறிவிட்டது என்பதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை, சொல்லியிருந்தாலும் நாங்கள் கேட்டிருக்க மாட்டோம். பழைய தடை அப்படியே நின்றது. அதன் மேல் வேண்டுதல் ஏறி உட்கார்ந்தது. மிச்சம் இருந்த ஒரே சந்தில் ஆப்பிள் மசியல் புகுந்துகொண்டது.

காலையில் மசியல், மத்தியானம் குழைந்த சோற்றில் கொஞ்சம் ரசம், பிறகு மசியல். ராத்திரிக்கு மசியல். அக்காவே செய்யக் கற்றுக்கொண்டாள். வந்து குவிந்த ஆப்பிளுக்கும் வழி பிறந்தது. பார்க்க வந்தவர்கள் பாராட்டினார்கள். "மொகம் வத்தி நல்லா தேஜஸா ஆயிட்டாரு," என்றார் ஒருவர். "சைவத்துக்கு மாறுனா ஒடம்பு இப்படித்தான் லேசாவும்," என்றார் இன்னொருவர். திட்டக்குடியிலிருந்து வந்த ஒரு உறவுக்காரர் செய்முறையை செல்போனில் பதிந்துகொண்டு, தன் மூட்டுவலிக்கு இது கேட்குமா என்று என்னிடமே விசாரித்தார். கேட்கும், நீங்கள் சொல்கிற கதையெல்லாம் பொறுமையாகக் கேட்கும் என்று சொல்லத் தோன்றியது. மாமா முன்னால் உட்கார்ந்திருந்ததால் சும்மா இருந்தேன்.

மாமாவின் சட்டை அவர் மேல் தொங்க ஆரம்பித்திருந்ததை நான் பார்க்காமல் இல்லை. வியாதி இளைக்கவைக்கிறது என்று எல்லாரையும் போல நானும் வியாதியின் மேல் பழியைப் போட்டேன். டயாலிசிஸ் முடிந்து எழுந்திருக்கும்போது காலில் நடுக்கம் வந்தது. பாதியில் பிரஷர் இறங்கி மெஷினை நிறுத்துவதும் நடந்தது. அக்கா ஒரு கிண்ணம் மசியலைக் கூட்டினாள்.

டயாலிசிஸ் சென்டருக்குப் புதிதாக ஒரு டயட்டீஷியன் பெண் வந்தாள். சின்ன வயது, பெரிய கண்ணாடி, பேச்சில் சுற்றிவளைப்பே கிடையாது. மாமாவின் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு அக்காவையும் என்னையும் கூப்பிட்டு உட்காரவைத்தாள்.

"அய்யா இன்னா சாப்புடுறாருங்கம்மா?"

அக்காவுக்குச் சொல்ல ஆசை. மசியலை எப்படிச் செய்வது என்பதில் ஆரம்பித்து, எத்தனை வேளை, எவ்வளவு ஆசையாகச் சாப்பிடுகிறார், பொட்டாசியம் ஏறவே இல்லை என்பது வரைக்கும் சொன்னாள். "இதோ எந்தம்பிதான் கத்துக்குடுத்தான், சிதம்பரத்துல பேக்கரி வச்சிருக்கான்," என்று என் தோளையும் தட்டினாள். நான் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அந்தப் பெண் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தாள்.

"பொட்டாசியம் ஏறலைங்கம்மா. ரொம்ப சரி. ஆனா ஒடம்புல புரதம் இல்ல. ஒவ்வொரு தடவ மெஷின் ஓடும்போதும் கொஞ்சம் புரதம் வெளிய போவுது. உள்ள போடணும் இல்லீங்களா? நீங்க போடுறது ஆப்பிள். ஆப்பிள்ல புரதமே கெடையாது. வயிறு ரொம்புது, ஒடம்பு தன் சதையத் தானே தின்னுக்கினு இருக்கு. இப்படியே போனா அய்யாவால டயாலிசிஸ் தாங்க முடியாதும்மா."

அக்கா கையை என் தோளிலிருந்து எடுத்துக்கொண்டாள். "டாக்டரு முன்னாடி கொறைக்கச் சொன்னாரேம்மா..."

"அது டயாலிசிஸ்க்கு முன்னாடி. இப்ப தலைகீழ்."

"பருப்பு குடுக்கலாமா?"

"கொஞ்சம் குடுக்கலாம். ஜாஸ்தியானா பொட்டாசியம், பாஸ்பரஸ் ரெண்டும் ஏறும். பன்னீரும் அப்படித்தான். இருக்குறதுலயே தொந்தரவு கம்மி முட்டை வெள்ளைக்கருதான். மஞ்சள எடுத்துட்டு, தினமும் வேகவச்சிக் குடுங்க. மீனும் அளவா குடுக்கலாம். மசியல அடியோட நிறுத்த வேணாம், சக்கரையும் இருக்குறதால ஒரே ஒரு கிண்ணம் இருக்கட்டும். ஆனா அதுவே சாப்பாடு இல்லம்மா."

முட்டைக்குப் பதிலாகப் போடலாம் என்று நான் ஊரெல்லாம் விற்ற சரக்கு அது. கேக்குக்கு அந்தக் கணக்குச் சரி. கேக்குக்குச் சதை வளரவேண்டிய அவசியம் இல்லை. நான் நிமிர்ந்த முதுகைச் சத்தமில்லாமல் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தேன்.

ஆட்டோவில் வீட்டுக்கு வந்து, மாமாவைப் படுக்கவைத்துவிட்டு, அக்கா அடுப்பங்கரையில் தரையில் உட்கார்ந்துகொண்டாள். நான் போய் எதிரில் உட்கார்ந்தேன்.

"நாளைக்கு வரும்போது முட்டை எடுத்தாறேன்க்கா."

"வேணாம்."

"அந்தப் பொண்ணு இன்னா சொல்லுச்சுன்னு கேட்ட இல்ல?"

"கேட்டன்டா. சாமிகிட்ட நான் இன்னா சொன்னேன்னு உனக்குத் தெரியும் இல்ல? வாக்கு குடுத்தப்பறம் எளநியில போவ இருந்த உசுரு நின்னுச்சு. இப்ப நான் வாக்க மாத்தி, அவருக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா? யாரு பதில் சொல்றது? நீ சொல்லுவியா?"

எனக்கு ஆத்திரம் வந்தது. உயிரை நிறுத்தியது ஆஸ்பத்திரியில் போட்ட ஊசி என்று கத்தலாம் போலிருந்தது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்தால் கத்த முடியவில்லை. பிடிவாதம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது பயம். அவள் கையில் இருந்த ஒரே கயிறு அந்த வேண்டுதல்தான், அதை விட்டால் அவர் போய்விடுவார் என்று மெய்யாகவே நம்பினாள். ஒவ்வொரு கிண்ணம் மசியலும் அவளுக்கு ஒருநாள் பயமில்லாமல் கழிந்த மாதிரி.

எங்கள் சனம் இந்த மாதிரி நேரத்தில் சும்மா இருக்குமா? பக்கத்து வீட்டு அம்மா, பரிகாரம் செய்து வேண்டுதலை வேறு வேண்டுதலாக மாற்றிக்கொள்ளலாம் என்றார். சைக்கிளைக் கொடுத்து மொபெட் வாங்குகிற மாதிரி. இன்னொருவர், வெள்ளைக்கரு முட்டைக் கணக்கிலேயே வராது, மஞ்சள்தான் முட்டை என்று ஒரு தீர்ப்புக் கொடுத்தார். எனக்கும் ஒரு யோசனை வந்தது, அதைச் சொல்லவும் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. வெள்ளைக்கருவை பேக்கரியிலேயே வேகவைத்து, மிக்ஸியில் நைசாக அரைத்து, மசியலோடு கலந்து டப்பாவில் கொண்டுவந்துவிட்டால்? நிறமும் தெரியாது, பட்டை வாசனையில் வாடையும் தெரியாது. அக்காவுக்கும் பாவம் இல்லை.

மாமாவிடம் தனியாகச் சொன்னேன். அக்கா தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். மாமா சிரித்தார். சிரித்தால் இருமல் வந்தது.

"நல்ல யோசன மச்சான். ஆனா வேணாம்."

"ஏன் மாமா? ஒங்களுக்கும் சாமி பயமா?"

"எனக்கு இன்னா சாமி பயம்? வஞ்சிரம் நெனப்புலயே படுத்துக்கினு கெடக்குறேன். அவளுக்குத் தெரியாம வேணாம். நாளைக்குத் தெரிஞ்சா, நான் செத்தப்பறம் தெரிஞ்சாக்கூட, அவ ஆயுசுக்கும் அதையே நெனச்சிக்கினு இருப்பா." தலையணையில் சாய்ந்துகொண்டு சொன்னார்: "ஒண்ணு சொல்றேன், கோவிச்சிக்காத. ஒன் மசியல் எனக்குப் புடிக்கவே இல்ல மச்சான். மொத நாளுலேர்ந்தே. பல்லு மொளைக்காத புள்ளைக்கிக் குடுக்குறது அது."

"அப்பறம் எதுக்கு மாமா கிண்ணம் கிண்ணமா சாப்புட்டீங்க?"

"ஒங்க அக்கா சிரிச்சா இல்ல? அதுக்குத்தான்."

அந்த மனிதர் உடம்பு கரைவது தெரிந்தும், பிடிக்காத ஒன்றை வேளைக்கு ஒரு கிண்ணம் விழுங்கிக்கொண்டிருந்திருக்கிறார். அவள் சிரிப்பதற்கு அவரும், அவர் பிழைப்பதற்கு அவளும், இரண்டு பேருமாகச் சேர்ந்து அந்த உடம்பைப் பட்டினி போட்டுக்கொண்டிருந்தார்கள். இதில் ஊரே வந்து மொகம் தேஜஸாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறது. எனக்கு அன்றைக்கு எல்லார் மேலும் கோபம் வந்தது, ஆப்பிள் மேல் கூட.

நான் சிதம்பரத்துக்கு வந்துவிட்டேன். அக்காவிடம் தினமும் போன் பேசினேன். முட்டைப் பேச்சை எடுத்தால் வேலை இருக்கிறது என்று வைத்துவிடுவாள். மாமா எப்படி இருக்கிறார் என்றால் "இருக்காரு" என்பாள். டயட்டீஷியன் பெண் ஒரு தடவை என் கடைக்கே போன் செய்து, "அம்மா குடுக்குறாங்களாங்க?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "சரிங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தாள். அந்த ஒரு வார்த்தை எந்தத் திட்டையும் விட மோசமாக இருந்தது.

பிறகு ஒரு காலை, நான் பன் தட்டுகளை அடுப்பிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தபோது அக்காவே கூப்பிட்டாள். குரல் உடைந்திருந்தது. மாமாவுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துத் தட்டைக் கீழே வைத்தேன்.

"தம்பி, பாத்ரூமுல வழுக்குற மாதிரி சாஞ்சாருடா. நான் ஓடிப்போய்ப் புடிச்சேன்."

"அடி பட்டுதா?"

"அடியெல்லாம் படல. நான் தூக்கிட்டேன்டா." அவள் அழுதுகொண்டிருந்தாள். "நானு. ஒண்டியா. தூக்கிக்கினு வந்து கட்டில்ல போட்டேன். கனமே இல்லடா. எனக்கு மூச்சுகூட வாங்கல. சிமிட்டி மூட்டையத் தூக்குன மனுசன்டா அவரு."

அவளே சொன்னாள்.

"முட்டை எடுத்துக்கினு வா. நெறைய எடுத்துக்கினு வா."

ஒரு அட்டை நிறைய முட்டையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். பஸ்ஸில் முட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தவனை எல்லாரும் ஒரு மாதிரி பார்த்தார்கள். கண்டக்டர் லக்கேஜ் போடட்டுமா என்று கிண்டல் செய்தார். நான் டிக்கெட்டை வாங்கிக்கொண்டு அட்டையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

வாசலில் அக்கா என்னைக் கை கழுவச் சொல்லவில்லை. அட்டையை வாங்கிக்கொண்டு நேராக அடுப்பங்கரைக்குப் போனாள். மஞ்சளை நான் பிரிக்கிறேன், எனக்குப் பழக்கம் என்றேன். "நீ தள்ளு" என்றாள். அவளே வேகவைத்தாள். ஓட்டை உரித்தாள். கத்தியால் கீறி மஞ்சளை எடுத்து ஓரமாக வைத்தாள். வெள்ளையைப் பொடிப்பொடியாக நறுக்கி, மிளகைத் தட்டி லேசாகத் தூவி, கிண்ணத்தில் போட்டாள். சாமி படம் இருந்த பக்கம் அவள் திரும்பவில்லை. அந்த வீட்டில் அந்த வாசனை வந்து வெகுநாள் ஆகியிருந்தது.

மாமா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கிண்ணத்தைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். வாயை இறுக மூடிக்கொண்டார்.

"வேணாம்டி," என்றார். "நீ வாக்கு குடுத்திருக்க. எனக்காக மாத்தாத. எனக்கு மசியலே போதும். புடிச்சிருக்கு."

அக்கா கட்டிலில் உட்கார்ந்து ஸ்பூனை அவர் வாய்க்கு நேராக நீட்டினாள். கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, அவள் துடைத்துக்கொள்ளவில்லை.

"சாமிகிட்ட நான் பேசிக்கிறேன்," என்றாள். "நீங்க வாயத் தொறங்க."

மாமா வாயைத் திறந்தார்.